கஷாயமும் மாத்திரையும் ஒரே வீட்டில்: டெல்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெல்லியில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். ஆர்.கே.புரம், மயூர் விஹார், ஜனக்புரி என்று தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் பக்கங்களிலிருந்து இன்றும் போன் வரும். ஊரிலிருந்து அம்மா வந்திருப்பார், பை நிறைய சூரணமும் லேகியமும் இருக்கும், ஏற்கெனவே நாலைந்து மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும். "சேர்த்துக் கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இவை பொதுவான தகவல்கள். எந்த மருந்து, எவ்வளவு என்ற முடிவை உங்கள் உடம்பைப் பார்த்த மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

சேர்த்துச் சாப்பிடலாமா, கூடாதா? நேராகச் சொல்லுங்கள்.

சமையல் அளவில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ரசத்தில் மிளகு, குழம்பில் பூண்டு, பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள், சளி பிடித்தால் ஒரு டம்ளர் சுக்கு காபி, இவற்றுக்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம். அதே பொருளைப் பொடியாக்கி ஸ்பூன் கணக்கில், சாறாக, கேப்ஸ்யூலாக தினமும் எடுக்கும்போது அது மருந்து அளவு. அங்கேதான் மற்ற மருந்தோடு மோதும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, உறுப்பு மாற்று, புற்றுநோய் சிகிச்சை, சிறுநீரகக் கோளாறு, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

டாக்டர் கேட்டாரே, "வேறு மருந்து ஏதும் இல்லை" என்று அம்மா சொல்லிவிட்டாரே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு கந்த சஷ்டி சமயம். கும்பகோணம் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த, எழுபது தாண்டிய ஒரு அம்மாவைக் காலையில் மயக்கத்தோடு கொண்டுவந்தார்கள். சமையலறைத் தரையில் வியர்த்து நனைந்து கிடந்தாராம். ரத்தச் சர்க்கரை 44. நரம்பில் குளுக்கோஸ் ஏறியதும் கண் திறந்தார். டாக்டர் இந்தியில் கேட்டார்: வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாரா? மகள் மொழிபெயர்த்தார். அம்மா தலையை ஆட்டினார், இல்லை என்று. சர்க்கரைக்கு கிளிமிபிரைட் மாத்திரை மட்டும்தான் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்கள்.

மாத்திரை கொடுக்கப் போன நான் பக்கத்தில் உட்கார்ந்து, "காலைல எழுந்ததும் என்னம்மா குடிப்பீங்க?" என்று கேட்டேன். "சிறுகுறிஞ்சான் பொடி ஒரு ஸ்பூன், வெந்நீர்ல. அப்புறம் ராத்திரி ஊறவெச்ச வெந்தயம்" என்றார். "அது மருந்துதானேம்மா?" "அது என்ன மருந்து? சும்மா பொடி!" மகள் மறுநாள் கொண்டுவந்த மஞ்சப்பையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று இருந்தது, பாதிக்கு மேல் காலி. மாத்திரையும் போட்டுக்கொண்டு, பொடியும் குடித்து, ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போக வேண்டும் என்று சஷ்டி விரதமும் இருந்திருக்கிறார். மூன்றும் சர்க்கரையை ஒரே பக்கமாக இறக்கியிருக்கின்றன.

அவர் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் அவருக்கு மாத்திரை, ஊசி, டானிக். பொடியும் கஷாயமும் சாப்பாட்டில் சேர்த்தி. நம் வீடுகளில் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம். அதனால் "வேறு மருந்து உண்டா?" என்று கேட்டால் சரியான பதில் வராது. எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாய்க்குள் போவது என்னென்ன என்று கேட்டால் வரும். டாக்டரிடம் போவதற்கு முன்னால் வீட்டிலேயே அப்படிக் கேட்டு ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பாட்டில், பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். லேபிள் இருந்தால் போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள்.

டாக்டருக்குத் தமிழ்ப் பெயர் புரியாதே?

டெல்லியில் இது உண்மையான சிக்கல். பெயர் தெரியாததாலேயே பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கஷாயத்துக்கு இங்கே காடா என்று பெயர். "மைம் ரோஜ் யே காடா பீ லேதீ ஹூம்" (நான் தினமும் இந்தக் கஷாயம் குடிக்கிறேன்) என்ற ஒரு வாக்கியம் போதும், பேச்சு ஆரம்பித்துவிடும். ஆண்கள் லேதா என்று சொல்ல வேண்டும்.

அடிக்கடி தேவைப்படும் பெயர்கள் இவை: அதிமதுரத்துக்கு முலேட்டி, சீந்திலுக்கு கிலோய், அமுக்கராவுக்கு அஸ்வகந்தா, சிறுகுறிஞ்சானுக்கு குட்மார், வெந்தயத்துக்கு மேத்தி, கடுக்காய்க்கு ஹரட், வசம்புக்கு பச், சுக்குக்கு சோண்ட், கீழாநெல்லிக்கு புயி ஆம்லா, நிலாவரைக்கு சனாய்.

காரி பாவலியில் நிலவேம்பு வாங்கலாமா?

வாங்கலாம், பெயரைச் சரியாகச் சொன்னால். பழைய டெல்லியில் பதேபுரி மசூதியை ஒட்டிய அந்த மசாலா, மூலிகைச் சந்தைத் தெருவில் மிளகாய் நெடிக்கு இருமிக்கொண்டே போய் "நிலவேம்பு" என்றால் யாருக்கும் தெரியாது. காய்ச்சலுக்கான கசப்புச் செடி என்று விளக்கினால் சிராயதா என்று ஒரு கட்டை எடுத்துப் போடுவார்கள். அது இமயமலைப் பக்கம் விளையும் வேறு செடி. நம் நிலவேம்புக்கு இங்கே காலமேக் என்று பெயர். இரண்டும் கசக்கும், இரண்டும் காய்ச்சலுக்குச் சொல்லப்படுபவை, ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று கிடையாது. அதோடு, நிலவேம்புக் குடிநீர் தனிச் செடி அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் எல்லாம் சேர்ந்து ஒன்பது சரக்கு. வெறும் நிலவேம்பை மட்டும் வேகவைத்தால் அது குடிநீர் ஆகாது.

சீந்திலிலும் இதே குழப்பம் உண்டு. கொரோனா சமயத்தில் எல்லோரும் கிலோய் குடித்தார்கள். கல்லீரல் பாதிப்போடு வந்த ஆறு பேர் கிலோய் எடுத்திருந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். அவர்கள் குடித்தது சரியான செடிதானா என்று உறுதி செய்யவில்லை என ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சீந்தில் குடும்பத்திலேயே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வேறு கொடிகள் உள்ளன. எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவர்கள், அதாவது முடக்கு வாதம், லூபஸ், சில வகைத் தைராய்டு கோளாறு இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் எதையும் தானாக ஆரம்பிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

திறந்த மூட்டையிலிருந்து அள்ளித் தரும் சரக்கைவிட, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உள்ளே என்னென்ன என்ற பட்டியல் எல்லாம் அச்சிட்ட டப்பா மேல். பட்டியலே இல்லாத "மூட்டுவலிப் பொடி" வாங்கவே கூடாது. அந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல முறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மூன்றே நாளில் வலி பறந்து, முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆனால் பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் ஓடுங்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்து போயிருக்கும்.

அரை மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்கிறார்களே?

சில விஷயங்களுக்குப் போதும், பலவற்றுக்குப் போதாது. எது எங்கே மோதுகிறது என்று புரிந்தால் குழப்பம் தீரும்.

வயிற்றில் மோதுபவை சில. இசப்கோல் மாத்திரையைச் சுற்றிக்கொண்டு உறிஞ்ச விடாது. திரிபலா சூரணத்தில் இருக்கும் துவர்ப்பு இரும்புச்சத்து மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே இரண்டு மணி நேர இடைவெளி உதவும். தைராய்டு மாத்திரை இதில் மிகவும் கறாரானது: வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. எதுவும் என்றால் பில்டர் காபியும் சேர்த்துத்தான். மாத்திரையைக் காபியோடு விழுங்கிவிட்டு, "டோஸ் ஏற்றியும் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை அளவு) குறையவில்லை" என்று வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

அடுத்தது கல்லீரல். மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதிகள் அங்கே இருக்கின்றன. சில மூலிகைகள் அவற்றின் வேகத்தைக் குறைக்கும், சில கூட்டும். குறைந்தால் மருந்து ரத்தத்தில் தேங்கும். கூடினால் மருந்து வேலை செய்வதற்குள் போய்விடும். இந்த மாற்றம் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் நிற்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்தாலும் பலன் இல்லை. மிளகு நல்ல உதாரணம். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பெரின் பல மருந்துகளை ரத்தத்தில் அதிகம் ஏற விடும். நம் வைத்தியத்தில் திரிகடுகம் (சுக்கு, மிளகு, திப்பிலி) எத்தனையோ மருந்துகளில் சேர்வதை யோசித்துப் பாருங்கள்! இதையே பயன்படுத்தி ஜம்முவில் உள்ள அரசு ஆய்வகம், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு பைப்பெரின் சேர்த்து, வழக்கமான 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராமே போதும் என்கிற அளவுக்கு ஒரு கூட்டு மாத்திரையை உருவாக்கியது. அளந்து சேர்த்தால் அது உதவி. வலிப்புக்கு ஃபெனிட்டாயின் எடுப்பவர் தானாகத் திப்பிலிப் பொடியை ஸ்பூன் கணக்கில் சாப்பிட்டால் அதே குணம் ஆபத்து.

மூன்றாவது, இரண்டும் ஒரே வேலையைச் செய்வது. மேலே சொன்ன சஷ்டி அம்மாவுக்கு நடந்தது அதுதான். சர்க்கரையை இறக்கும் மாத்திரையும் சர்க்கரையை இறக்கும் பொடியும் எத்தனை மணி இடைவெளி விட்டாலும் உடம்புக்குள் சேர்ந்துதான் இறக்கும்.

சர்க்கரை தாழ்ந்துவிட்டால் வீட்டில் என்ன செய்வது?

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழறும் பேச்சு வந்தால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுங்கள், அப்புறம் சாப்பாடு. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். கிளிமிபிரைட் மாதிரி மாத்திரை எடுப்பவருக்கு ஒரு முறை சரியான பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி தாழலாம். அதனால் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.

கஷாயம் குடித்துச் சர்க்கரை நார்மல் ஆகிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. சர்க்கரை நார்மலாக இருப்பது மாத்திரையும் சேர்ந்து செய்யும் வேலை. மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையோடு டாக்டரிடம் போய், "இதையும் எடுக்கிறேன், டோஸ் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். நியாயமான கேள்வி அது. வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, படபடப்புக்கான பீட்டா பிளாக்கர், மனநல மருந்து ஆகியவற்றை ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

சர்க்கரைக்கு நித்தியகல்யாணிப் பூ மெல்லலாமா?

வேண்டாம். டெல்லிப் பூங்காக்களில் சதாபஹார் என்ற பெயரில் எங்கும் பூத்திருக்கும் செடி இது. கனடாவில் இதைச் சர்க்கரை நோய்க்காக ஆராயப் போனவர்கள், சர்க்கரை குறைவதற்குப் பதில் வெள்ளணுக்கள் சரிவதைக் கண்டார்கள். அதிலிருந்துதான் 1950-களில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிறந்தது. வின்கிறிஸ்டினும் இதே செடியிலிருந்து வந்ததுதான். புற்றுநோய் வார்டில் சொட்டுக் கணக்கு பார்த்து ஏற்றுகிற மருந்தின் தாய்ச்செடியைத் தினமும் காலையில் கணக்கில்லாமல் மெல்லுகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் பதறும்.

நவம்பர் புகையில் இருமல் தாங்கவில்லை. அதிமதுரக் கஷாயம் தினமும் குடிக்கலாமா?

சில நாள் குடிப்பது வேறு, புகைக்காலம் முழுக்கக் குடிப்பது வேறு. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். வாரக்கணக்கில் எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை தளரும். பி.பி. மாத்திரையில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருந்தால் பொட்டாசியம் இரண்டு பக்கமும் வடியும். இதய நோய்க்கு டிகாக்ஸின் எடுப்பவருக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பி.பி. உள்ளவர்களுக்குச் சுக்கு, மிளகு, துளசி, கற்பூரவல்லி போதும். அதிமதுரம் வேண்டாம்.

இன்னொன்று. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுப்பவர் கஷாயத்தை நம்பி இன்ஹேலரை விட்டுவிடக் கூடாது. காற்று மோசமாக இருக்கும் நாட்களில்தான் அது அதிகம் தேவை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறேன். கீரை, பூண்டு நிறுத்த வேண்டுமா?

வார்ஃபரின் வகை என்றால் கீரையை நிறுத்த வேண்டாம், ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரையில் வைட்டமின் கே அதிகம். அது மருந்தின் வேலையைக் குறைக்கும். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஆடினால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவும் ஆடும். ஊருக்குப் போய் ஒரு மாதம் தினம் கீரை சாப்பிட்டுத் திரும்பினால் உடனே பரிசோதனை செய்யுங்கள். குழம்புப் பூண்டு பரவாயில்லை. பூண்டு கேப்ஸ்யூல், மஞ்சள் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய் ஆகியவற்றை ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரினோடு சொல்லாமல் சேர்த்தால் ரத்தக்கசிவு கூடும்.

டெங்குவுக்குப் பப்பாளி இலைச்சாறு?

ஒவ்வொரு மழைக்காலம் முடியும்போதும் டெல்லியில் வரும் கேள்வி. பப்பாளி இலை தட்டணுக்களைக் கொஞ்சம் வேகமாக ஏற்றுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அல்ல, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த ஓட்டம் சரிவதுதான். அது நடப்பது காய்ச்சல் இறங்கும் நேரத்தில், மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள். "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று வீடே நிம்மதியாகும் நேரம் அது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்த தூக்கம், சிறுநீர் குறைவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பப்பாளிச் சாற்றின் கசப்புக்கே பலர் வாந்தி எடுக்கிறார்கள். அப்போது அது சாற்றால் வந்த வாந்தியா, நோயின் எச்சரிக்கையா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகிறது. நீர் இறங்க வேண்டிய வயிற்றில் நீர் தங்காமலும் போகிறது. அதனால் நான் சாறு கொடுக்கச் சொல்வதில்லை. கஞ்சி, மோர், இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறீர்கள் என்றால் டாக்டருக்குத் தெரியட்டும், வாந்தி வந்தால் நிறுத்திவிடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கூடவே கூடாது.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லிதானே மருந்து?

கீழாநெல்லி மேல் எனக்கும் மரியாதை உண்டு. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்த பிளம்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் ஊரில் குணமானது எப்படி? அசுத்தத் தண்ணீரால் வரும் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்கே பெயர். ஆனால் பித்தக்கல் அடைப்பு, புற்றுநோய், பி, சி வகைக் கிருமிகள், காசநோய் மாத்திரையின் பாதிப்பு எல்லாமே வெளியில் அதே மஞ்சள் கண்ணாகத்தான் தெரியும். எந்தக் காமாலை என்று ரத்தம் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு கீழாநெல்லியைப் பற்றிப் பேசலாம். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஈ வகை அவர்களுக்கு மிகவும் கொடியது.

பற்பம், செந்தூரம் சாப்பிடலாமா?

பட்டம் பெற்ற சித்த மருத்துவர் பார்த்து, அளவும் நாளும் குறித்துக் கொடுத்தால் மட்டும். முறையாகச் சுத்தி செய்யாத இந்த மாதிரி உலோக மருந்துகளால் காரீய நச்சு ஏற்பட்டவர்கள் இருக்கிறார்கள். காரணம் தெரியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை மூன்றும் சேர்ந்தால் ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள் பக்கமே போக வேண்டாம்.

டெல்லியில் இருப்பவர்களுக்குப் பெயரால் ஒரு கண்ணி இருக்கிறது. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். இங்கே ஆயுர்வேதக் கடையில் நாக பஸ்மம் என்றால் அது காரீயம். ஊரில் எழுதிக் கொடுத்த நாக பற்பத்துக்குப் பதிலாக இங்கே நாக பஸ்மம் வாங்கினால் வேறு உலோகத்தைச் சாப்பிடுகிறீர்கள். ஊர் மருந்து தீர்ந்துபோனால் ஊரிலிருந்தே வரவழையுங்கள்.

கைக்குழந்தைக்கு உரை மருந்து, வசம்பு?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், மருத்துவர் சொன்ன மருந்து தவிர வேறு எதுவும் வேண்டாம். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வைத்திருக்கிறோம் என்பது தெரியும், பாட்டிமார்கள் மனம் வருந்துவதும் தெரியும். உரசும் கல்லும் விரலும் சுத்தமாக இருந்தாலும், உரசியதில் எவ்வளவு இறங்கியது என்று அளக்க வழியில்லை. வசம்பில் உள்ள ஒரு பொருளின் காரணமாக அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கத் தடை உண்டு. வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வாந்தி, மயக்கம், வலிப்பு வந்த குழந்தைகள் மலேசியாவில் பதிவாகியிருக்கிறார்கள். மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம், அது நுரையீரலுக்குள் போகும். பாட்டி எண்ணெய் தேய்த்துக் கால் நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டட்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

பிரசவ லேகியம்?

பி.பி., சர்க்கரை இல்லாதவர்கள் கொஞ்சமாகச் சாப்பிடலாம். கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தவர்கள் அதில் எவ்வளவு வெல்லம் இருக்கிறது என்று பாருங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு வாழைத்தண்டுச் சாறு?

கல் வேறு, சிறுநீரகம் செயலிழப்பது வேறு. சிறுநீரகம் பலவீனமாகி ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியவருக்கு வாழைத்தண்டுச் சாறு, இளநீர் இரண்டிலும் உள்ள பொட்டாசியமே இதயத்தை நிறுத்தலாம். இலும்பிக்காய்ச் சாறு குடித்து நல்ல சிறுநீரகம் கெட்ட கதைகள் கேரளத்தில் பதிவாகியுள்ளன. ஆடுதீண்டாப்பாளை, பெருமருந்துக்கொடி இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயும் உண்டாக்கும் அமிலம் கொண்ட குடும்பம். தொடவே வேண்டாம்.

ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பே மூலிகைப் பொடி, கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பூண்டு, மஞ்சள் கேப்ஸ்யூல்கள் ரத்தக்கசிவைக் கூட்டும். அமுக்கரா மயக்க மருந்தோடு சேர்ந்து தூக்கத்தைக் கூட்டும். மயக்க மருத்துவர் வந்து கேட்கும்போதும் இன்னொரு முறை சொல்லுங்கள்.

இங்கிலீஷ் வைத்தியத்துக்கும் நம் வைத்தியத்துக்கும் ஏன் இவ்வளவு பகை?

பகை என்று நினைப்பவர்களுக்கு நான் கரோல் பாகைக் காட்டுவேன். ஒரு காலத்தில் தமிழர்கள் நிறைய வாழ்ந்த அதே கரோல் பாகில், யுனானி வைத்தியரான ஹக்கீம் அஜ்மல் கான் முயற்சியில் எழுந்த திப்பியா கல்லூரியை 1921 பிப்ரவரியில் காந்தி திறந்து வைத்தார். அங்கே ஆராய்ச்சி செய்த சலீமுஸ்ஸமான் சித்திக்கி, சர்ப்பகந்தி வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, ஹக்கீமின் பெயரால் அஜ்மலின் என்று பெயரிட்டார். பரம்பரையாக வரும் ஒரு வகை இதயத் துடிப்புக் கோளாறைக் கண்டுபிடிக்க இன்றும் இதய மருத்துவர்கள் அதை ஊசியில் செலுத்திப் பார்க்கிறார்கள். வைத்தியரின் வேரும் ரசாயனக் கூடமும் ஒரே வளாகத்தில் இருந்த ஊர் இது.

டாக்டர் திட்டுவாரே?

சிலர் திட்டுவார்கள். அப்போதும் சொல்லுங்கள். "நிறுத்தச் சொல்கிறீர்களா, எதனால்?" என்று அமைதியாகக் கேளுங்கள். சித்த மருத்துவரிடமும் இதே மாதிரி, மாத்திரைச் சீட்டைக் காட்டாமல் மருந்து வாங்காதீர்கள். "முதலில் அந்த மாத்திரைகளைத் தூக்கிப் போடு" என்று எந்த வைத்தியர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றை அடியோடு குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அப்படிப் போஸ்டர் ஒட்டுபவரிடம் போக வேண்டிய அவசியம் இல்லை.

டெல்லியில் இரண்டும் தெரிந்த இடம் உண்டா?

எய்ம்ஸில் ஒருங்கிணைந்த மருத்துவத்துக்கென்று ஒரு மையம் இருக்கிறது. சரிதா விஹாரில் அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் 2017-இல் திறக்கப்பட்டது. மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் சிகிச்சைப் பிரிவும் டெல்லியில் உண்டு. போகும் முன் நாளும் நேரமும் விசாரித்துக் கொள்ளுங்கள். எங்கே போனாலும் வைத்தியர் பி.எஸ்.எம்.எஸ். (சித்தா) அல்லது பி.ஏ.எம்.எஸ். (ஆயுர்வேதம்) படித்தவரா, பதிவு எண் இருக்கிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

மருந்தால் ஏதோ ஆகிவிட்டது என்று சந்தேகம். யாரிடம் சொல்வது?

முதலில் மருந்தை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கண் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போவது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல் என்றால் நேராக அவசரப் பிரிவு. பிறகு புகாரைப் பதிவு செய்யுங்கள். காசியாபாத்தில் உள்ள மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தின் இலவச எண் 1800-180-3024, வேலை நாட்களில் எடுப்பார்கள். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கான தேசியக் கண்காணிப்பு சரிதா விஹார் நிறுவனத்தில் ஒருங்கிணைக்கப்படுகிறது. மீதி மருந்தை கோபத்தில் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். லேபிளோடு, பில்லோடு அப்படியே எடுத்து வையுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று சோதிக்க அந்த மீதி தேவைப்படும்.